அடைப்புக்குறிக்குள் ஓர் அலை

என் ஜெனிக்கு,

நான் எழுதினால் அது லீவு லெட்டர் மாதிரி இருக்கும் என்று கேலி பண்ணுவாயே, இதுவும் அப்படித்தான் இருக்கப்போகிறது. பொறுத்துக்கொள். நேற்று உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. கோயிலில் மைக் முன்னால் நின்று மன்றாட்டு வாசித்தேன். ஆமாம், நானேதான், முக்காடு போட்டுக்கொண்டு.

முதலில் இங்கத்திய சேதி. ஒரகடம் கம்பெனியில் நம் லைனில் உன் இடத்தில் இப்போது வாலாஜாபாத்துப் பெண் ஒருத்தி உட்கார்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் வேலைக்கு நடுவே என்னைச் சீண்டத் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அறையில் நீ ஒட்டிய மாதா படத்தை நான் எடுக்கவே இல்லை. மர்யம் எங்களுக்கும் வேண்டியவர்தானே. நல்லவேளை, நான் தொழுவதற்குத் திரும்பும் திசை அந்தச் சுவர் இல்லை.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? வாப்பா மேலப்பாளையத்திலிருந்து கொடுத்தனுப்பிய நபிமார் வரலாறு. ஈஸா (அலை) என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து உனக்கு ஒரே சந்தோஷம். உடனே ஊருக்குப் போன் போட்டு, இயேசு கடல்மேல் நடந்தது இவர்கள் புத்தகத்திலும் இருக்கிறது, பெயருக்குப் பக்கத்திலேயே அலை என்று போட்டிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாய். கடற்கரையில் பிறந்தவளுக்கு அலை என்றால் வேறென்ன தோன்றும்? பத்துப் பக்கம் தாண்டியும் எல்லார் பெயருக்குப் பின்னாலும் அதே (அலை) வந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

“ஏட்டி, நூஹுக்கு வெள்ளம், மூஸாவுக்குச் செங்கடல், யூனுஸுக்கு மீன் வயிறு, எல்லாம் சரி. இந்த இப்ராஹீம் எப்பம் கடலுக்குப் போனாரு?”

நான் தரையில் விழுந்து விழுந்து சிரித்தேன். அது அலைஹிஸ்ஸலாம் என்பதன் சுருக்கம், அவர்மீது சாந்தி உண்டாகட்டும் என்று நபிமார் பெயரைக் கேட்டதும் நாங்கள் சொல்வது என்று விளக்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஈஸாவும் ஒரு நபிதான், அல்லாஹ்வின் அடிமை, மனிதர் என்றேன். உன் சிரிப்பு நின்றுவிட்டது.

தூது கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர், இவர் அப்படி இல்லை, கடவுளே மனிதனாக இறங்கி வந்தார், கடவுளின் மகன் என்றாய். அல்லாஹ் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்றேன். தகப்பன் இல்லாமல் பிறந்தாரா, பிறந்தார். குருடருக்குப் பார்வை கொடுத்தாரா, கொடுத்தார். எல்லாம் அவன் அனுமதியால். அதுவரை நீ பொறுமையாகத்தான் கேட்டாய். அவரைச் சிலுவையில் கொல்லவில்லை, அல்லாஹ் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று நான் சொன்னதும் உனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதாவது நிறுத்தினேனா? “கடவுள் எப்படிட்டி சாவாரு?” என்று கொஞ்சம் நக்கலாகவே கேட்டேன்.

“நம்ம சாவு எப்படி இருக்கும்னு அவருக்கும் தெரியணும்லா,” என்றாய்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார கஸ்தூரி அக்கா உள்ளே எட்டிப் பார்த்தது. “இன்னாம்மா, ஒரே ஆளுக்கா ரெண்டு பேரும் இவ்ளோ சண்ட போட்டுகினு கீறீங்க?” நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரே ஆள் மறுபடி வருவார் என்று இரண்டு பேரும் நம்புகிறோம் இல்லையா, வரட்டும், நேரிலேயே கேட்டுக்கொள்வோம் என்று நீதான் தீர்ப்புச் சொன்னாய். அடுத்த மாதம் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். என்ன அவசரம் உனக்கு?

உன் பூசையை நீ வழக்கமாகப் போகும் கோயிலிலேயே வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்கள். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். ஊரில் சிஸ்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த மன்றாட்டு, நாலு வரி. நான்தான் வாசிக்க வேண்டுமாம். உன்னைப் பிரிந்து வாடும் குடும்பத்துக்கு ஆறுதலும் பொறுமையும் கேட்கும் முதல் மூன்று வரியை நான் தினமும் என் துஆவிலேயே கேட்கிறேன். நாலாவது வரி, ‘உம் ஒரே திருமகனும் எங்கள் ஆண்டவருமாகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம்.’

அதை எப்படிச் சொல்வேன் ஜெனி? வாயால் மட்டும் சொன்னால் என்னைப் படைத்த ரப்புக்கும் பொய், உனக்கும் பொய். சொல்ல மாட்டேன் என்றால் மகளைப் பறிகொடுத்தவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அந்த வாரம் முழுக்க டெஸ்டிங்கில் தப்புத் தப்பாகச் செய்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். நீ இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய்.

பூசையன்று காலையில் அம்மா தலைவாரிக்கொண்டிருந்தபோது கேவலமாக அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் எனக்கு ரொம்பப் பிரியமான நபி, ஆனால் இந்த வரி என் நெஞ்சிலிருந்து வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அம்மா சீப்பைக் கீழே வைத்தார்கள். தாளை வாங்கி நாலாவது வரியில் விரல் வைத்தார்கள்.

“அந்த வரி உனக்கு உள்ளது இல்ல மக்கா. அது எனக்கு உள்ளது. நான் சொல்லிக்கிடுதேன்.”

அப்படியே நடந்தது. மூன்று வரி வாசித்துவிட்டு நிறுத்தினேன். முன் பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து, மைக் இல்லாமல், கடற்கரையில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் நாலாவது வரியைச் சொன்னார்கள். கோயிலே பதில் சொன்னது. இயேசு என்ற பெயர் காதில் விழுந்ததும் என் வாய் தன்னால் முணுமுணுத்தது, அலைஹிஸ்ஸலாம். மைக் அதையும் பிடித்துவிட்டது.

பூசை முடிந்து படியிறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயருக்கு அலை என்றாயே, ஜெனி போனில் சொன்னாளே, அந்த அலைதானே என்று கேட்டார்கள். சண்டாளி, பத்துப் பக்கம் தாண்டிப் படித்ததை நீ அவர்களிடம் சொல்லவே இல்லையா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. ஆமாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் காலையில் உண்மைக்கு அவ்வளவு இடம் கொடுத்தவரிடம் அதற்குள் ஒரு பொய்யா? அது அலை இல்லை அம்மா, அவருக்குச் சாந்தி உண்டாகட்டும் என்று சொல்லும் ஸலாம் என்றேன்.

“எம் மவளுக்குக் கடல விட்டா ஒண்ணும் தெரியாது,” என்று அம்மா சிரித்தார்கள். உனக்குப் பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நீ சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை, ஜெனி. நம்பிவிட்டேன் என்று நினைத்துக் குதிக்காதே. ஆனால் அன்றைய நக்கலுக்கு மன்னித்துவிடு. உன் சவப்பெட்டியை மூடியபோது அம்மா யாரைக் கூப்பிட்டு அழுதார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். நம் சாவு எப்படி இருக்கும் என்று தெரிந்தவராக அவர்கள் நம்பும் இயேசுவைத்தான் கூப்பிட்டார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்று எனக்குப் புரிகிறது.

எங்கே வேலை பார்த்தாலும், யாருக்கு வாழ்க்கைப்பட்டாலும், ஒவ்வொரு வருடமும் வந்து அம்மா பக்கத்தில் நிற்பேன். மூன்று வரி என்னுடையது. நாலாவது அம்மாவுடையது. அதற்குப் பின்னால் வரும் ஸலாம் மறுபடி என்னுடையது. மற்றதை அவர் வரும்போது கேட்டுக்கொள்வோம். முந்திப் போய்விட்டோம் என்று நீ மட்டும் தனியாகக் கேட்டுவிடாதே, நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு இப்போது மூத்த மகளாகிவிட்ட
உன் அக்கா ராவியத்