கப்பல் ஓடும் பேனா

"தொடாத, தொடாத" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்த என் ஆசை அண்ணே,

நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வந்துவிட்டோம். ரோட்டுக்கு மேலே தனி வீடு. முன்னால் கொஞ்சம் இடம், அதில் அம்மா லீக்ஸ் நட்டிருக்கிறார்கள். உன் கண்ணாடி அலுமாரியையும் தூக்கி வந்தோம். இப்போது அதில் கோப்பைகள்தான் இருக்கின்றன. கோபப்படாதே, சொல்கிறேன்.

கொழும்பில் வேலை செய்த மற்ற அண்ணன்மார் தீபாவளிக்குத் தங்கச்சிக்கு உடுப்பு கொண்டு வருவார்கள். நீயோ புடவைக் கடையிலேயே வேலைக்கு நின்றுகொண்டு விளையாட்டுச் சாமான் கொண்டு வருவாய். புறக்கோட்டை நடைபாதையில் பழைய சாமான்காரர்களிடம் பொறுக்கியது எல்லாம். சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் தகரக் குரங்கு. தண்ணீரில் மூக்கை நனைத்து நனைத்து ஆடும் கண்ணாடிக் குருவி. குலுக்கினால் பனி கொட்டும் உருண்டை. சாய்த்தால் உள்ளே கப்பல் ஓடும் பேனா. "இதெல்லாம் இப்ப செய்றதில்ல புள்ள, கம்பெனியே மூடிட்டான்" என்று சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிஸ்டல் மாதிரி இருக்கும் லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாயே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, "மேக்க மொகக்த?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்களாம். நீ அந்த ஆமிக்காரனின் சிகரெட்டைப் பற்றவைத்துக் காட்டினாயாம். அவன் சிரித்துவிட்டதால் நீ வீடு வந்து சேர்ந்தாய். நீ அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மா விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரே சாமான் இரண்டு வாங்குவதில்லை, வந்த பெட்டியை எறிவதில்லை, யாரும் தொடக்கூடாது. இதுதான் உன் சட்டம். ஓ.எல். சோதனை எழுத அந்தப் பேனாவை மட்டும் தரச்சொல்லி அழுதேன். "அது எழுதுறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு" என்றாய். எத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன் தெரியுமா? நீ கொழும்புக்குப் போகும்போதுகூட வாசலுக்கு வரவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முன்னமே காய்ச்சலோடு வந்தாய். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கித்தான் வந்தோம். பிறகு முதலாளி உன் பையை அனுப்பிவைத்தார். அம்மா அதைத் திறக்க விடவில்லை. அப்படியே சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள்.

துக்க வருஷம் கழிந்து வந்த தீபாவளிக்கு உனக்குப் படையல் போட்டோம். கோழிக்கறி, முறுக்கு, உடுக்கப் புதுச் சாரம் எல்லாம் வைத்தாயிற்று. அம்மா என்ன நினைத்தார்களோ, திடீரென்று அலுமாரியைத் திறந்து உன் சாமான்கள் அத்தனையையும் எடுத்து இலையைச் சுற்றி அடுக்கிவிட்டார்கள். "எம் புள்ளைக்கு சோத்த விட இதுதான் புடிக்கும்" என்று ஒரே அழுகை. கும்பிட்டு முடிந்து நான் அவற்றைத் திரும்ப எடுக்கப் போனபோது, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பார்வதி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"படையல்ல வச்சத திரும்ப உள்ள வக்கக் கூடாது புள்ள. வந்தவங்களுக்குக் குடுத்துறணும். அவன் சாப்பிட்ட மிச்சம் இது."

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பார்வதி அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு என்ன, எங்க அண்ணே சேத்தது!" என்று கத்தினேன். ஆனாலும் சாமி காரியம். முறுக்கோடு முறுக்காக, உன் சேர்மானம் லயம் முழுக்கப் போய்விட்டது.

கொஞ்ச காலம் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் இருந்தேன். பிறகு எப்படியோ மனசு ஆறியது. பார்வதி அக்கா வீட்டில் குருவி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறது. நம் வீட்டில் அது ஒழுங்காகக் குடித்ததே இல்லை. பனி உருண்டையைக் கட்டிக்கொண்டுதான் மேட்டு லயத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது. குரங்கின் ஒரு கை போய்விட்டது, ஒற்றைக் கையால் அடிக்கிறது. அன்று படையலில் இருந்த பேனா மட்டும் யார் கைக்குப் போனதென்று தெரியவில்லை. கேட்காத வீடில்லை.

வீடு மாறும்போது பரணிலிருந்து அந்தப் பையை இறக்கினோம். "தொற புள்ள, இனி என்ன" என்றார்கள் அம்மா. இரண்டு சாரம், ஒரு சீப்பு, அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. உள்ளே கப்பல் பேனா. அதே மாதிரி இன்னொன்று.

ஒரே சாமான் இரண்டு வாங்க மாட்டாயே அண்ணே. உன் அலுமாரியில் ஏற்கெனவே ஒன்று இருந்ததே. பிறகு இதை யாருக்கு வாங்கினாய்?

அம்மாவிடம் காட்டினேன். "ஒனக்குத்தான்டி" என்று சொல்லிவிட்டு லீக்ஸுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்கள். நான் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

மை காய்ந்து போயிருந்தது. ஹட்டனில் கடை கடையாக ஏறி, வேறொரு பேனாவின் ரீபிலை வாங்கி, வெட்டித் திணித்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் என் முதுகில் நாலு போட்டிருப்பாய். போடேன்! இந்தக் கடிதத்தையும் அதில்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் கப்பல் கொஞ்சம் போய்த் திரும்பி வருகிறது.

இந்தத் தீபாவளிக்கும் உனக்குக் கோழிக்கறி உண்டு, முறுக்கு உண்டு. ஆனால் இந்தப் பேனாவைப் படையலில் வைக்க மாட்டேன், வைத்தால் கொடுத்துவிட வேண்டும். அலுமாரியிலும் வைக்க மாட்டேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கொப்பியெல்லாம் இதில்தான் திருத்துவேன். தேயத் தேய எழுதுவேன் அண்ணே, இது சத்தியம்.

வாசலுக்கு வராமல் போன
உன் தங்கச்சி,
செல்வி