மாடி அறையே போதும் என்றாள் விஜயா

உ

காஜா பெராங், மலாக்கா
19.4.1959

அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தெய்வத்தின் தயவில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். ஜெஸல்டனில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, தினமும் ஆபீசுக்குப் போய்வருகிறார். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, போன வாரம் ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குச் சேலை எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெயர்தான் தமிழ், மலாக்கா செட்டி வீட்டில் மலாய்தானே பேச்சு, அவருக்குத் தமிழ் வராது, கடைக்காரரிடம் பேசுவதற்கு நான் வேண்டுமாம். நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம்.

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸானதே போதும், நடக்கக் கஷ்டப்படுகிறவளைக் கோலாலம்பூர் ஹாஸ்டலில் விட வேண்டாம், என்னிடம் அனுப்பிவையுங்கள், நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. போன வாரம் வரை நானும் உன் கட்சிதான், அப்பாவிடம் சண்டைகூடப் போட்டேன். இப்போது மனசு மாறிவிட்டது, ஏன் என்று சொல்கிறேன் கேள். நீ கப்பல் ஏறியபோது அவள் இடுப்பெலும்புக் காசநோயோடு மாவுக்கட்டில் படுத்துக் கிடந்தாள். உன் மனதில் அந்த விஜயாதான் இருக்கிறாள். கட்டைப் பிரித்து நடக்க ஆரம்பித்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம், வயது தாண்டிவிட்டது, சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கூடப் படித்த மல்லிகா எல்லாம் யூனிபாரம் போட்டு நம் வாசல் வழியாகத்தான் போவார்கள், அந்த நேரம் இவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அப்பாதான், வீட்டிலேயே படிக்கட்டும், தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று சொல்லி, தெங்கேராப் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையரான நல்லையா மாஸ்டரைக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் ஏற்பாடு பண்ணினார். மலாய்ப் பாடத்துக்குப் பூங்காவனம் அக்காவோடு பேசிப் பழகினாள். படித்ததை அடுப்படிக்கு வந்து எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், உங்கம்மாவுக்குப் புரியலைன்னா உனக்கும் புரியலைன்னு அர்த்தம் என்பது அப்பா போட்ட சட்டம். நீங்க வேணும்னே புரியலைன்னு சொல்றீங்கம்மா என்று சில நாள் புத்தகத்தைத் தூக்கிப் போடுவாள். வேண்டுமென்றே சொன்ன நாளும் உண்டு, இன்னொரு தடவை படிக்கட்டுமே என்றுதான்.

முதல் வருஷம் பரீட்சை எழுதப் போனவளுக்கு பரீட்சை ஹாலின் பலகை பெஞ்சில் அத்தனை நேரம் உட்கார முடியவில்லை, வலி தாங்காமல் பாதியிலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள், பெயிலானாள். ரிசல்ட் வந்து ஒரு வாரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், சோறு இறங்கவில்லை. நாங்கள் இதை உனக்கு எழுதவில்லை, தூரத்தில் இருந்து நீ என்ன செய்வாய் என்றுதான். அப்புறம் அவளாகவே எழுந்துவந்து, மெத்தை வைத்த நாற்காலி வேண்டாம் என்று சொல்லி வெறும் பலகை ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் தடவைக்குப் பாடத்தைவிட உட்காரும் பயிற்சிதான் பெரிதாக இருந்தது. கடவுள் கண் திறந்தார், பாஸானாள்.

போன வாரம் கோலாலம்பூர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரம்மாவும் ஒரு மலாய் துவானும், இரண்டு பேரும் பெரிய அதிகாரிகள். நான் வெளியே பெஞ்சில், கதவு திறந்தே இருந்தது. துவான் மலாயில் கேட்க இவள் பதில் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார், இது கம்போங் செட்டிக் கிழவிகள் பேசுற மலாய், எங்கேம்மா கத்துக்கிட்டே என்று கேட்டார். பேச்சு பிரமாதம், எழுத்து மலாயைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றாராம். அந்த அம்மா, வீட்டிலேயே தனியாகப் படித்தவள் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி நிற்பாய் என்று கேட்டிருக்கிறார். இவள் அனுமதி கேட்டுக்கொண்டு மேஜையில் இருந்த மைக்கூட்டை நடுவில் வைத்தாள், சாக்குக்கட்டியைக் கையில் எடுத்து அதைச் சுற்றி நகர்த்தினாள். பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஆனால் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடல் ஏன் ஏறி இறங்குகிறது என்று அடுப்படியில் தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து எனக்குச் சொல்லியிருந்தாள், அதே பாடம். அவர்கள் இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் அந்த அம்மா காலைப் பார்த்துவிட்டு, ஹாஸ்டலில் கீழ் அறை ஒன்று ஒதுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டதைத் துவான் எனக்கும் மலாயில் சொன்னார். ஆமாம் துவான், கீழேயே கொடுங்க என்று சொல்ல நான் எழுந்தே விட்டேன். விஜயா திரும்பிப் பார்த்து, உக்காருங்கம்மா என்றாள். பிறகு அவர்களிடம் மலாயிலேயே, மத்த பிள்ளைங்களுக்கு எங்கேயோ எனக்கும் அங்கேதான், மாடி அறையே போதும் என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன், தியாகு. இத்தனை வருஷம் அவளுக்காகப் பேசியது நான்தான், அன்றைக்கு அவளே பேசிக்கொண்டாள்.

நேற்று இடம் கிடைத்துவிட்டது என்று தபால் வந்தது. அடுத்த மாதம் போகிறாள். மெத்தை விரிப்பும் கொசுவலையும் தைத்துக்கொண்டிருக்கிறேன். படி ஏறும்போது வலிக்கத்தான் செய்யும், அதை அவளே பார்த்துக்கொள்வாள். உன் அன்பை நான் குறை சொல்லவில்லை, லீவு கிடைத்தால் அவளை வரச்சொல்லி ஊர் சுற்றிக் காட்டு.

நீ வெயிலில் அலையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, கடைச் சாப்பாட்டைக் குறை. அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார். நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீ நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கல்லூரிக்கு அவளுக்குக் கடிதம் எழுதினால் கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே, என்ன பாடம் நடக்கிறது என்று கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
சாரதாம்பாள்