வாசலில் சொல்லாத பதில்

9 ஜூலை 1974, செவ்வாய்

வீடுவீடாகப் போய் வேதம் படிக்க அழைக்கும் மேரியம்மாவோடு, பத்திரிகைச் செய்திக்காக, தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக உள்ள லைன் வீடுகளுக்குப் போனேன். ஓட்டல் தொழிலாளியின் மனைவி செல்வி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“பின்னயும் வந்தாச்சா சேச்சி? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செத்துப்போன எம்மவன் எங்க இருக்கான்?”

மேரியம்மா ‘மோட்சத்தில்’ என்பார் என நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

“அத வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போகக் கூடாது மக்களே. நாம ஒண்ணிச்சு இருந்து படிச்சுப் பாப்போம். அடுத்த வாரம் வரட்டா?”

“அதுவர நான் எப்படிப் பொறுப்பேன்? இப்பவே உள்ள கேறி வாங்க.”

எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன். கையில் இருந்த சுலபமான பதிலைச் சொல்லாமல் விட்ட ஒருவரை இன்றுதான் பார்த்தேன்.

பாயில் உட்கார்ந்ததும் மேரியம்மா முதலில் கேட்டது பையனின் பெயரை. வேதப் புத்தகம் அப்போதும் பைக்குள்தான் இருந்தது.