பின்கட்டுச் சாவி

உறையூர்,
2-11-65.

அன்பு மகன் நல்லதம்பிக்கு அம்மா மயிலம்மாள் எழுதிக்கொள்வது. வெக்காளியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை சந்திரம்மாளும் இங்கே சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தீபாவளி வந்தது, போனது. நீ இல்லாத வீட்டில் பலகாரம் சுட்டு யாருக்கு வைப்பது, பேருக்கு அதிரசமும் முறுக்கும் போட்டேன். ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பென்ஷன் வாங்கியும் பொன்மலை ரயில்வே வேலை நினைப்பு இன்னும் போகவில்லை, ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு காபி எங்கே என்கிறார். உனக்கு அவர்தான் பதில் எழுத வேண்டும், இதை எழுத எனக்குக் கை வராது நீயே எழுதுடி என்று தாளை என்னிடம் தள்ளிவிட்டார். ஏன் தள்ளினார் என்பது படித்துக்கொண்டு வந்தால் உனக்கே தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உன் ஏர்மெயில் நீலத்தாள் வந்தது. அப்பாதான் சத்தமாக வாசித்தார். வாடகைக்கு அறை தேடி பர்மிங்காமில் தெருத் தெருவாக அலைந்ததையும், ஜன்னலில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று அட்டை எழுதி வைத்திருந்ததையும், அட்டை இல்லாத ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் உன் முகத்தைப் பார்த்ததும் அறை இப்போதுதான் போய்விட்டது என்று சொன்னதையும், முன்னால் இருந்த இந்தியாக்காரன் ஒருவன் சுவரெல்லாம் எண்ணெயாக்கிவிட்டான் அதனால் உங்கள் ஆட்களே வேண்டாம் என்று இன்னொருத்தி முகத்துக்கு நேரே சொன்னதையும் வாசித்துவிட்டு அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. பெற்ற வயிறு எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். என் பிள்ளை முகத்தில் என்ன குறை கண்டார்கள்? மீதியை நான் வாங்கி வாசித்தேன். தாளைத் திருப்பினால், அப்பா நம் பின்கட்டை வாடகைக்கு விடுவது பற்றிக் கேட்டிருந்ததற்கு உன் பதில் இருந்தது. சுக்கூர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டாம், சண்டை நடந்திருக்கிற சமயத்தில் அவர்களை நம்பக்கூடாது, வெளியே எப்படிப் பேசினாலும் உள்ளுக்குள் எல்லாரும் பாகிஸ்தான்தான், வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். ஒரே தாள், நல்லதம்பி. மையும் அதே மை, கையும் அதே கை. அந்தப் பக்கம் உன்னிடம் அந்த அம்மாள் சொன்ன அதே பொய்யைத்தான் இந்தப் பக்கம் எங்களைச் சொல்லச் சொல்லியிருக்கிறாய்.

நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், அப்பா உனக்குப் பாதியைத்தான் எழுதியிருப்பார். போன செப்டம்பரில் சண்டை மும்முரமாக இருந்தபோது கடைவீதியில் ஒரு டீக்கடையில் எவனோ ஒருவன் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு பாகிஸ்தான் விமானத்தைப் புகழ்ந்து உளறியிருக்கிறான். போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாளிலிருந்து ஊரில் இருக்கிற சாயபுமார் எல்லார் முகத்திலும் அந்த ஒருவனின் வாய் ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிட்டது. அப்துல் சுக்கூர் இருந்த வீட்டுக்காரர், சண்டை முடிந்த பிறகுகூட, காலி பண்ணுங்கள் என்று நின்றுவிட்டார். சுக்கூர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பொன்மலை ஒர்க் ஷாப்பில் நீ தொழில் பழகியபோது கையைப் பிடித்து அரம் போடக் கற்றுக்கொடுத்த மனுஷன். பெண்சாதி ரோஷன் பேகத்தை அழைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். அவளுக்கு நிறை வயிறு, தலைப்பிரசவம். இவர்களுக்குத் தற்சமயம் சுக்கூரின் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஒண்டுக்குடித்தனம். அப்பா, மகனைக் கேட்டு எழுதியிருக்கேன், பதில் வரட்டும் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். இல்லை என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்கிற வார்த்தை அது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகலையா தாயி என்று கேட்டேன். அம்மா கராச்சியில அண்ணன்கிட்ட இருக்காங்கம்மா, வரேன்னு எழுதினாங்க, அதுக்குள்ள சண்டை வந்து எல்லாம் நின்னுபோச்சு, உசுரோட இருக்காங்களான்னும் தெரியலை என்று தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களுக்கு இதில் கராச்சி என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் உளவுக்காரி என்று தெரு முழுக்கப் பேச்சு. எனக்கு அம்மா என்ற வார்த்தைதான் விழுந்தது. கராச்சியில் அண்ணன் இருந்தால் இவள் பாகிஸ்தான்காரி என்றால், இங்கிலாந்தில் மகன் இருக்கிற நான் என்ன வெள்ளைக்காரியா?

உன் தாளை வாசித்து முடித்ததும் அப்பா, பாத்தியா, அவனும் வேண்டாம்னுதான் சொல்றான், ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்டி என்றார். எனக்கு வந்ததே கோபம். சோறு வடிக்கிறவள் நானா அவரா? ஒரே உலை, ஒரே தீ, ஒரே அரிசி, அதனால் ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தால் போதும். அதிலேயே அடி தீய்ந்து மேலே நறுக்கரிசியாக நின்ற நாள் எத்தனை. மனுஷர்கள் என்ன ஒரே பானையிலா வெந்தார்கள்? உங்கள் மகன் முகத்தைப் பார்த்து அந்த வெள்ளைக்காரியும் இதே பழமொழியைத்தான் சொல்லியிருப்பாள், அவள் பாஷையில் என்று கேட்டேன். சுக்கூர் நல்லவன்தான், ஆனா மத்தவங்களைச் சொல்றேன் என்றார். இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்த சாயபு நல்லவர், மற்றவர்கள்தான் மோசம் என்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்தவர் நல்லவர் என்றால் அந்த மோசமானவர் யாருக்குத் தெரிந்தவர் என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. கடைசியாக ஒன்று சொன்னேன். காவேரியில் வெள்ளம் வந்து அக்கரையில் தாய் மாட்டிக்கொண்டபோது, இக்கரையில் வலியில் துடித்த பெண்ணுக்குத் தாயாகவே வந்து பிரசவம் பார்த்த சாமி மலைக்கோட்டையில் இருக்கிறார், உன்னை வயிற்றில் சுமந்தபோது இதே மனுஷன்தான் தாயுமானவருக்கு வாழைத்தார் சுமந்துகொண்டு படி ஏறினார், இப்போது ரோஷன் பேகத்தின் தாயும் அக்கரையில்தானே நிற்கிறாள், இந்த ஊரில் இருந்துகொண்டு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கதவை அடைத்தால் நாளைக்கு எந்த முகத்தோடு அந்தப் படியை ஏறுவது என்று கேட்டேன். விடிந்ததும் அப்பா முழங்கால் வலியோடு பின்கட்டுக் கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என் இடுப்பிலிருந்த சாவியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டுபோய் சுக்கூரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

பால்காரி வீராயி, அவங்களுக்கு நான் பால் ஊத்த மாட்டேன் என்று முதலில் முறுக்கிக்கொண்டாள். பிறகு ரோஷன் பேகத்தின் வயிற்றைப் பார்த்துவிட்டு, புள்ளத்தாச்சிக்கு நான் ஊத்தாம யாரு ஊத்துவா என்று சொம்பு நிறைய ஊற்றினாள். வீடு புகுந்து பால் காய்ச்சியபோது ரோஷன் பேகத்துக்குக் குனிய முடியாமல் நான்தான் அடுப்பு மூட்டிக் கொடுத்தேன், பொங்கி வழிந்தபோது எனக்கு மனசு நிறைந்தது. எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன்னோடு படித்த சின்னையன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து வாசலில் கத்தினான், மறுநாள் நம் சுவரில் கரியால் பாகிஸ்தான் வீடு என்று எழுதியிருந்தது. உனக்கு ஜன்னலில் வைத்த அட்டையை நமக்குச் சுவரிலேயே எழுதிவிட்டார்கள். அப்பா சுண்ணாம்பு கரைத்து அடித்தார். அதற்காக உறையூர்ப் பிள்ளைகள் எல்லாரும் காலிகள் என்று நான் சொன்னால் நீ ஒப்புக்கொள்வாயா, நீயும் உறையூர்ப் பிள்ளைதானே. சந்திராவைப் பார்த்துவிட்டுப் போன ஜீயபுரத்து மாப்பிள்ளை வீட்டார், சுக்கூர் குடும்பத்தைக் காலி பண்ணினால் தாம்பூலம் மாற்றலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சந்திரா அன்று முழுக்கப் பாத்திரங்களை டமார் டமார் என்று போட்டுத் துலக்கினாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, அந்த வீட்டுக்குப் போனா என்னையும் ஒருநாள் வெளியில போன்னுதான் சொல்லுவாங்க என்றாள். அவள் சொன்னது சரிதான், ஆனாலும் எனக்கு வருத்தம் வருத்தம்தான். நான் பயந்தது வேறு ஒன்று, பின்கட்டு அடுப்பில் என்ன ஏறுமோ, நாற்றம் வருமோ என்று. கடைசியில் நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாடைதான் ரோஷன் பேகத்துக்குக் குமட்டுகிறது. பாவம், சொல்லக் கூச்சப்பட்டு மூக்கை முந்தானையால் மூடிக்கொள்கிறாள். பிள்ளை பிறக்கும் வரை கருவாடு வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறேன், அப்பாவுக்கு அதுதான் பெரிய துக்கம்.

வெள்ளைக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் போன தை மாதம் நீ காய்ச்சலில் கிடந்தபோது உனக்கு சூப் காய்ச்சிக்கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாளே ஒரு கிழவி, அவள் எந்த நிறம்? உன்னை அவமானப்படுத்தினவர்களை மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை, அவர்கள் செய்தது பாவம், அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. ஆனால் அவர்கள் உனக்குள் ஊற்றிவிட்டுப் போன விஷத்தை நீ இங்கே இன்னொருத்தர் வாசலில் கொண்டுவந்து கொட்டாதே. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, வாரம் ஒருநாள் தலைக்கு எண்ணெய் வை, வெந்நீரில் குளி.

இன்னும் ஒன்று இருக்கிறது. உனக்கு அங்கே வீடு கிடைக்காத கதையை ரோஷன் பேகத்திடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், அண்ணன் பேரு என்னம்மா என்றாள். சொன்னேன், வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து தொழுகை முடிந்து கை ஏந்தும்போது வயிற்றுப் பிள்ளைக்கும், கராச்சியில் இருக்கும் அம்மாவுக்கும், பிறகு நல்லதம்பி அண்ணனுக்கு ஒரு வீடு கொடு என்றும் துஆ கேட்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நெல் புடைத்துக்கொண்டிருந்தபோது உன் பேர் என் காதில் விழுந்தது, முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். தாளின் மறுபக்கத்தில் நீ எழுதியது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருந்து, மானமாக ஒரு வீடு கிடைத்து, அதில் பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும் என்று தாயுமானவரை வேண்டிக்கொண்டு உன் தலையைத் தடவி ஆசீர்வாதம் பண்ணுகிறேன். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. மறக்காமல் அடுத்த தாளில் ரோஷன் பேகத்தின் உடம்பை விசாரித்து நாலு வரி எழுது. அவளை உட்கார வைத்து நானே வாசித்துக் காட்டுவேன். இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அ. மயிலம்மாள்.