பட்டியலில் இல்லாத உறவு

ஆரணிப் பட்டுக்கடைக்கு நாம் இருவரும் எழுதிய மென்பொருளில், புடவையின் நிலைகளோடு இன்று காலை புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். இயக்கிப் பார்த்தேன், ஒரு புடவையும் இடம் மாறவில்லை. சொல்லலாமென்று திரும்பினால், உன் நாற்காலியில் என் பைதான் இருந்தது.

முதல் முறை இதே வேலையை நான் செய்தபோது என்ன ஆனது என்று நினைத்துக்கொண்டேன். தறியில், சோதனையில், அனுப்பத் தயார், பழுது என்று நான்கு நிலைகள். ஒவ்வொன்றின் வரிசை எண்ணை மட்டும் சேமித்து வைத்திருந்தோம். சாயச் சோதனையும் வேண்டுமென்று கடைக்காரர் கேட்க, நான் அதை நடுவில் செருகினேன். பின்னால் இருந்தவை ஓரெண் தள்ளிப்போயின. 'பழுது' என்று பதிந்திருந்த எண்ணுக்கு 'அனுப்பத் தயார்' என்று பொருளாகிவிட்டது. கரையில் இழை அறுந்த முகூர்த்தப் புடவை ஒன்று போளூருக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு இரண்டே நாள்.

அதே நிறத்தில் நல்ல புடவையாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நீ முந்திக்கொண்டாய்: "தப்பு எங்களுதுதாங்க. பொண்ணக் கூப்புடுங்க, பிரிச்சிப் பாக்கட்டும்." அந்தப் பெண் முந்தானைவரை விரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாய்: "இன்னாத்துக்கு அழுதுகினு வர்ற? நீ ஒரு பேரு சேத்த, அவ்ளோதான். ஒரு பேரு சேத்தா கவுந்துடற மாதிரி கட்டினது ரெண்டு பேரும்தான்."

மறுநாளே பிரித்துக் கட்டினோம். ஒவ்வொரு நிலைக்கும் வரிசையைச் சாராத தனிக் குறியீடு. அடுத்து எங்கே போகலாம் என்பதும் அந்தந்த நிலைக்கே தெரியும். பழுதிலிருந்து நேரே அனுப்பத் தயாருக்கு வழியே கிடையாது. இப்படிப் பட்டியலில் உள்ளதைத் தவிர வேறெதையும் ஏற்காத வகைக்கு நிரல்மொழியில் 'enum' என்று பெயர்; வாயில் சொன்னால் 'ஈனம்'. "பேருதான் ஈனம், நம்ம மானத்தக் காப்பாத்துது" என்பாய். இன்றுவரை காப்பாற்றுகிறது.

உன்னைக் கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோது, உடன் வந்தவர் என்ன உறவு என்று கேட்டார்கள். தோழி என்றேன். பதிவுசெய்தவர் திரையில் தேடிவிட்டு, "அப்டி ஒண்ணு இதுல இல்லீங்களே" என்றார். சக்கர நாற்காலியிலிருந்து நீதான் தங்கச்சி என்று போடச் சொன்னாய். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இத எழுதினவங்க லிஸ்ட்ட மூடறதுக்கு முன்னாடி வெளிய யாரு நிக்கறாங்கன்னு பாக்கல பாரு" என்றாய்.

பட்டியலை இறுக்கி மூட நாம் சேர்ந்து கற்றோம். மூடும்முன் வெளியே பார்ப்பது நீ எனக்குத் தந்தது. போன வாரம் நெசவாளர் பதிவுக்காக உறவுகளின் பட்டியல் எழுதினேன். தாய், தந்தை, கணவர், மனைவி; ஐந்தாவதாகத் தோழி. ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் எடுக்கப்போவதில்லை.