ஏழாவது தகட்டில் உரிந்த பிரைமர்

அன்பு மூத்தவளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். வேலைக்குப் போகும்போது எங்களை நம்பி நீ விட்டுப்போன உன் வீட்டுக்காரரை நான் அடித்துவிட்டேன். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. வழுக்கி விழுந்தேன் என்று அவர் சொன்னால் நம்பாதே, அதற்குத்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நானும் அவரும் மூன்று வருஷமாக ஷெட்டில் கட்டிக்கொண்டிருக்கும் விமானம் உனக்குத் தெரியும், உன் அம்மா அதை என் சின்ன வீடு என்பாள். இறக்கைக்குள் குறுக்காக வரும் அலுமினியத் தகடுகளுக்கு, அரிக்காமலிருக்க, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்திருந்தோம். தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, ஆசிட் தண்ணீரில் முக்கி அலசிக் காயவைத்தபின் வெறும் கையால் தொடக்கூடாது, கையின் எண்ணெய்ப் பசை பட்டால் பிரைமர் பிடிக்காது, உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். இது நான் போட்ட சட்டம். செவ்வாய்க்கிழமை காலை ஒவ்வொரு தகட்டிலும் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துச் சோதித்தேன். ஏழாவது தகட்டில் பிரைமர் டேப்போடு உரிந்து வந்துவிட்டது. கோபம் தலைக்கேறியது, நாளைக்கு நீ உட்காரப்போகிற விமானம் அல்லவா, மாப்பிள்ளைதான் கையுறை போடாமல் தொட்டுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். சட்டையைப் பிடித்து மேஜைமேல் தள்ளி வாயில் குத்தினேன், உதடு கிழிந்தது. அவரும் சும்மா இல்லை, முழங்கையால் கொடுத்ததில் என் பல் ஒன்று ஆடுகிறது. அதற்கு நான் மரச்சுத்தியலை எடுத்தேன். விரலைப் பாருங்க மாமா, அந்த விரலைப் பாருங்க என்று தகட்டைக் காட்டிக் கத்தினார். காட்டிய கையின்மேலேயே போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உன் அம்மா ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை என் மூஞ்சியில் ஊற்றி, நீங்கல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், இறக்கையைத் தாங்கும் ஸ்டாண்டு கைமேல் சரிந்து விழுந்தது என்று நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்காமல் அந்தத் தகட்டை நசுக்கிப்போட எடுத்தேன். உரிந்த இடத்தில் நான்கு விரல் அச்சு, அதில் ஒன்று பாதி. பிரஸ் மெஷினில் பாதி விரலைப் பறிகொடுத்தவன் நம் வீட்டில் நான் ஒருவன்தான். பிரைமர் அடிக்குமுன் போன் பேசக் கையுறையைக் கழற்றியிருந்தபோது, காயப்போட்ட கொக்கியிலிருந்து நழுவிய தகட்டை நான் தாவிப் பிடித்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தெரிஞ்சப்புறம் கேக்கறீங்க மாமா, நானே தொட்டிருந்தா இந்த அடி சரியாயிருக்குமா என்றார். வெட்கமாக இருக்கிறதம்மா. மூன்று விரல் மடங்கவில்லை, நரம்பு போயிருக்கிறதா என்று நாளைக்குப் பார்க்கிறார்கள். நானும் கூடப் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன், போலீஸ் வந்தால் வரட்டும்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் அவருக்கு நீயே போன் செய், அவரால் எழுத முடியாது. எனக்காக அவரிடம் ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே.

இப்படிக்கு,
அவரை அடித்தவன்,
உன் அப்பா