கேட்டு நடந்த சந்து

23.4.84, திங்கள்

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை, நாலாவது நாள். வெள்ளிக்கிழமை மதுரையில் ரோமானியச் சட்டப் பரீட்சை. பாதிப் பாடம் பாக்கி.

வாங்க: மை, எலுமிச்சை, தலைக்கு எண்ணெய்.

வீட்டோரச் சந்தில் செங்கல் இறக்கியாயிற்று. அப்பா அதை அடைத்துக் கடை கட்டப் போகிறார். பின்வீட்டுக் கதீஜாம்மா தெருவுக்கு வருவது அதன் வழியாகத்தான், நான் பிறக்கும் முன்பிருந்தே. இன்னொரு வழி சாக்கடை ஓரம். ஒருக்களித்து நடக்கலாம், ரிக்‌ஷா வராது. அவர் புருஷன் பாய்க்குப் பக்கவாதம். வாராவாரம் ரிக்‌ஷாவில்தான் ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு இது தெரியாதா? தெரியும். புத்தகத்தில் மனசு நிற்கவில்லை.

24.4, செவ்வாய்

பாயின் தம்பி வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் நடந்த பாதை, அடைக்கக்கூடாது என்று. அப்பாவின் வக்கீல் கேட்டது ஒரே கேள்வியாம். அந்த அம்மா கேட்டுக்கொண்டு நடந்தாரா, கேட்காமலா? தினமும் கேட்டுத்தான் என்றாராம் அப்பா. அப்படியானால் கவலை வேண்டாமாம்.

என் நோட்டிலும் அதேதான். பாதை உரிமையாக வேண்டுமென்றால் அடிதடி செய்து நடந்திருக்கக்கூடாது, ஒளிந்து நடந்திருக்கக்கூடாது, அனுமதி கேட்டும் நடந்திருக்கக்கூடாது. ரோமாபுரிக்காரன் சொன்னான், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், நமக்கு விட்டுப்போனான்.

கதீஜாம்மா ஒவ்வொரு முறையும் ஜன்னலருகே நின்று, “செத்த இப்பிடிப் போயிக்கிறட்டுமா தங்கச்சி” என்பார். அம்மா “போங்கக்கா” என்பாள். திமிராக நடந்திருந்தால் இன்று வழி அவருக்கு. மரியாதையாகக் கேட்டதால் சுவர். இதை நான் மனப்பாடம் செய்து பாஸாக வேண்டுமாம். எரிச்சல். மூன்று டீ.

25.4, புதன்

நாளை வக்கீல் குமாஸ்தா வாக்குமூலம் எழுத வருகிறார். கதீஜாம்மா கேட்டுத்தான் நடந்தார் என்று நான் சொன்னால் எடுபடுமாம், சட்டம் படிக்கிறவள். முடியாது என்றேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

மத்தியானம் பின்வீட்டுக்குப் போனேன். கேட்டு நடக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், வழி நிற்கும் என்றேன். அப்பாவுக்கு எதிராகப் பேச எனக்கு வெட்கம். பாய் கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்தார். கதீஜாம்மாதான் சொன்னார்.

“கேட்டேனே பாப்பா. ஒங்கம்மா ஒரு நா விடாம போங்கக்கான்னு சொன்னாக. அதை எப்பிடி நான் இல்லேன்னு சொல்ல?”

மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அழுகையாக வந்தது.

26.4, வியாழன்

குமாஸ்தா பத்து மணிக்கு. நான் மறுத்ததால் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். கோர்ட் என்றாலே நடுங்குகிறவள், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கதீஜாம்மா கேட்டுத்தானே நடந்தார் என்றார் குமாஸ்தா.

“ஒரு நாளும் கேட்டதில்ல. அவுக பாட்டுக்கு நடப்பாக, போவாக.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மறுபடி கேட்டார். அதே பதில், ஒரு சொல் மாறவில்லை. நான் முற்றத்தில் சத்தம் போட்டுப் படித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவர் போனபின் அப்பா, இத்தனை வருஷமும் தன் காதில் விழுந்தது என்ன என்று கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“செங்கல்ல எடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு பாயிக்கு ரிக்‌ஷா வரணும்.”